செவப்பு கம்மியா இருக்கு

கேபிள் தொழிலில் இருப்பவனுக்கு வருகிற புகார்கள் எல்லாம் ஒரே ரகம். படம் வரவில்லை, சத்தம் வரவில்லை, கட்டம் கட்டமாக உடைகிறது, சீரியல் நேரமாகப் பார்த்துப் பிடுங்கிவிட்டாயே நீயெல்லாம் விளங்குவாயா. இதற்கு மேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. மதுரை செல்லூரில் ஒரே ஒரு மனிதர்தான் எனக்குக் கலரைச் சொல்லிப் புகார் கொடுத்தார். போனை எடுத்தால் நலம் விசாரிப்பு எதுவும் கிடையாது.

“செவப்பு கம்மியா இருக்கு. வா.”

அவ்வளவுதான். வைத்துவிடுவார்.

அவர் சாயப்பட்டறை மாஸ்டர். நெசவு நூலுக்குக் கலர் ஏற்றுகிற பட்டறையில், எந்தத் தொட்டியில் எந்தத் தூளை எவ்வளவு போடுவது, நூலை எப்போது வெளியே எடுப்பது என்று முடிவு செய்கிற ஆள். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் மனைவியே வாசலுக்கு வந்து “மாஸ்டர் குளிக்கிறாக, உக்காருங்க தம்பி” என்றுதான் சொல்வார். நானும் அவரை மாஸ்டர் என்றும் அந்த அம்மாவை மதினி என்றும் கூப்பிட்டேன். ஒரே மகள், கொட்டாம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்து அங்கே இருந்தாள்.

ஆள் குள்ளம். ஒரு பக்கக் கன்னத்தில் எப்போதும் புகையிலை உப்பிக்கொண்டிருக்கும். நகக்கண்ணைப் பார்த்தால் அன்றைக்கு எந்தத் தொட்டியில் கை வைத்தார் என்று சொல்லிவிடலாம். மற்றவர்களுக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் ஒன்றுதான். அந்த மனிதருக்குத் தன் கண்ணைத் தவிர வேறு எதன் மேலும் நம்பிக்கை கிடையாது.

டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். ஒரு வாய்கூட வைக்காமல் திருப்பி நீட்டுவார். “காலையில போட்ட தூளுலயே திரும்பத் தண்ணிய ஊத்தியிருக்க. வேற போடு.” டீ மாஸ்டர் சூடம் அடிக்காத குறையாகச் சத்தியம் பண்ணுவான். கொஞ்ச நேரத்தில் வடிகட்டியைக் கவிழ்த்துப் புதுத் தூள் போடுவான். அவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் யாருக்கும் எரிச்சல் வந்திருக்காது. ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

ஒரு சாவு வீட்டில் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. தெருவில் ஒரு பெரியம்மா தவறிவிட்டார். பிறந்த வீட்டுக் கோடி வந்து மேலே போர்த்தியிருந்தார்கள், நல்ல மஞ்சள் சேலை. எல்லாரும் மாரடித்து அழுதுகொண்டிருக்கிறார்கள். இவர் மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, சேலை நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். என் காதருகே வந்து, “இந்த மஞ்சள் ஒரு தண்ணிக்குத் தாங்காதுப்பா” என்றார்.

“மாஸ்டர், இன்னும் செத்த நேரத்துல எரிக்கப் போறாக. இத எவன் துவைக்கப் போறான்?”

“அதுக்காக? போறவளுக்குக் கெட்ட சாயத்தையாடா போத்தி அனுப்புறது?”

அவருக்கு உண்மையிலேயே வருத்தம். கண் கலங்கியிருந்தது. செத்தவருக்காகவா சேலைக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

டிவி விஷயத்துக்கு வருகிறேன். கடையில் இருந்து வருகிற செட் எதையும் பாருங்கள், கலரை ஏற்றி, வெளிச்சத்தை ஏற்றி, திரையில் வருகிறவன் முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். சனங்களுக்கும் அதுதான் பிடிக்கும். நம்மைப் போலக் கறுப்பாக ஒருத்தன் டிவியில் வந்துவிட்டால் உடனே எனக்குப் போன் வரும், படம் டல்லாக இருக்கிறது என்று. மாஸ்டர் வீட்டில் மட்டும் அப்படி இல்லை. புது செட் மாட்டிய அன்றே ரிமோட்டை வாங்கிக்கொண்டு, தன் முழங்கையை நீட்டித் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். செய்தி வாசிக்கிற பெண்ணின் முகத்தையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்து, ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்தார். கடைசியில் நிறுத்தியபோது அந்தப் பெண் எங்கள் தெருவில் தண்ணீர் பிடிக்க வருகிற பிள்ளை போல ஆகிவிட்டாள். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், அப்படி ஒரு படத்தை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. எனக்கே பொறாமையாக இருந்தது.

அப்பேர்ப்பட்ட ஆள் செவப்பு கம்மி என்று போன் பண்ணினால் நான் ஓடாமல் என்ன செய்வேன்? முதல் தடவை ஓடினேன்.

படம் பளிச்சென்று இருந்தது. என் கண்ணுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. சரி, மனிதர் நம்மைவிட விவரமானவர், நமக்குப் புலப்படாத ஏதோ அவருக்குப் படுகிறது என்று வேலையைத் தொடங்கினேன். கலர்க் கோளாறைப் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நோண்டக்கூடாது. ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். ஒரு சேனலில் மட்டும் கெட்டிருந்தால் அனுப்புகிறவன் கோளாறு. எல்லாச் சேனலிலும் கெட்டிருந்தால் பாக்ஸ், ஒயர், செட் இந்த மூன்றில் ஒன்று. ஒயரை மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு பாக்ஸை மாற்ற வேண்டும். அப்புறமும் சரியாகவில்லை என்றால் செட். நல்ல செட் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினால் தெரிந்துவிடும். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் கோளாறு மட்டும் தனியாக நிற்கும், ஓடி ஒளிய இடம் இருக்காது.

ஒயரை மாற்றினேன். “அப்படியேதான் இருக்கு” என்றார். பாக்ஸை மாற்றினேன். “கூடக் கொஞ்சம் கெட்டுப் போச்சு” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனையூரில் இருக்கிற என் வீட்டுக்குப் போய், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்த டிவியை அப்படியே கழற்றி வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். பாலம் ஏறி இறங்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. மாட்டிக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, “உன் டிவியிலயும் செவப்பு கம்மியாத்தான் இருக்கு. இத வச்சுக்கிட்டா இம்புட்டு நாளா பாக்குற?” என்றார்.

அடப்பாவி மனுஷா என்று வாய்வரை வந்தது. அப்போதுதான் அவருக்குப் பின்னால் நின்ற மதினியைப் பார்த்தேன். வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

டிவியைத் திரும்ப வண்டியில் கட்டும்போது மதினி கயிற்றைப் பிடித்துக்கொள்கிற சாக்கில் கீழே இறங்கி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“தம்பி, செட்டுலதான் கோளாறுன்னு சொல்லிட்டுப் போங்க.”

“செட்டு நல்லா இருக்கு மதினி. ஒயரு நல்லா இருக்கு. பாக்ஸும் நல்லா இருக்கு.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“போன வெள்ளிக்கிழம கோயிலுக்குக் கிளம்பி நிக்குறேன். நெத்தியில இம்புட்டு அகலம் குங்குமம். என்னைய ஏற இறங்கப் பாத்துட்டு, ஏன்டி நெத்திய வெறுமனே விட்டுருக்க, நான் என்ன செத்தா போயிட்டேன்னு கேட்டாக.” மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “உள்ள போயி அதுக்கு மேலயே இன்னொருக்க வச்சுக்கிட்டு வந்தேன். இப்ப சரின்னாக.”

கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

“பட்டறையில தெரிஞ்சா நாளைக்கே வரவேணாமுன்னுருவாக தம்பி. கண்ணு போன மாஸ்டர வச்சு என்ன செய்வாக? மாஸ்டருக்கே தெரிஞ்சாலோ, அன்னைக்கே படுத்துருவாக. டிவியில கோளாறுன்னா ஒரு நெனப்புல ஓடிக்கிட்டு இருப்பாக. இருக்கட்டுமே.”

எனக்கு இந்தப் பொத்தி வைக்கிற வேலையெல்லாம் ஆகாது. அந்தம்மா மேல் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. நேராக மேலே ஏறிப் போனேன்.

“மாஸ்டர், நான் எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன். மாத்தாம மிச்சம் இருக்குறது ஒண்ணுதான். ஒங்க கண்ணு. ஆசுபத்திரியில போயிக் காட்டுங்க.”

அவர் கத்தவில்லை. சிரித்தார். “ஏண்டா, செல்லூருல பாதிச் சேலைக்குக் கலரு போட்ட கண்ணுடா இது. ஒனக்கு ஒயரு முறுக்கத் தெரியல, என் கண்ணச் சொல்றியா? போ, போ.” ரிமோட்டை எடுத்துக் கலரைக் கடைசிப் புள்ளி வரை ஏற்றினார். திரையில் இருந்தவர்கள் எல்லாம் மிளகாய்ப்பொடி பூசிக்கொண்டது போல ஆனார்கள். அவர் அதைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. புகார் மட்டும் மதினி வழியாக வரும்.

கண் வைத்தியத்துக்காக எங்கெங்கிருந்தோ ரயில் ஏறி மதுரைக்கு வருகிறார்கள். இந்த மனிதருக்கு டவுன்பஸ் தூரம். போகவில்லை. என்னத்தைச் சொல்ல!

டிவியில் செய்ததைத்தான் தொட்டியிலும் செய்துகொண்டிருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. மற்ற பட்டறைகளில் மாஸ்டர்கள் மாதிரித் துணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நூலை அதோடு ஒட்டிப் பார்ப்பார்கள். இவர் அதைத் தொட மாட்டார். மாதிரித் துணி வைத்துக்கொண்டு சாயம் போடுகிறவனெல்லாம் ஒரு மாஸ்டரா என்பார். மனதில் இருக்கிற அரக்குச் சிவப்பு தொட்டியில் தெரிகிற வரைக்கும் தூளைப் போடுவார். முன்பு அது தெரிந்தது. இப்போது தெரியாததால் போட்டுக்கொண்டே இருந்தார். முகூர்த்தச் சேலைக்குப் போன நூல் தறியில் ஏறிப் பாதி நெய்த பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரே சேலையில் ஒரு முழம் அரக்கு, அடுத்த முழம் கத்திரிக்காய்த் தோல். நெய்தவர்கள் தறியிலிருந்து அறுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் போட்டார்கள்.

முதலாளி நல்ல மனிதர்தான். “கண்ணக் காட்டிட்டு வாங்க மாஸ்டர். அதுவரைக்கும் தொட்டிப் பக்கம் வேணாம்” என்று மட்டும் சொன்னாராம். அன்றைக்கு மாஸ்டர் வீட்டுக்கு வந்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தார். கெட்டுப்போன டிவியைப் பார்த்துப் பார்த்துத்தான் தன் கண் அந்தக் கலருக்குப் பழகிவிட்டதாம். நல்ல டிவி ஒன்று வாங்கிக் கொஞ்ச நாள் பார்த்தால் கண் பழையபடி திரும்பிவிடுமாம். திரும்பியதும் பட்டறைக்குப் போக வேண்டியதுதானாம். மதினி எனக்குப் போன் பண்ணி இதைச் சொல்லும்போது அழுதார். “கூடப் போயிட்டு வாங்க தம்பி. நீங்க வந்தா செட்டுல ஏமாத்த மாட்டாகன்னு அவுகளே சொல்லிட்டாக.”

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடை. உள்ளே போனால் ஒரு சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடிக்கொண்டிருந்தது. செவ்வந்தி, ரோஜா, பஞ்சவர்ணக்கிளி, மிளகாய்ப் பழம் கொட்டிக்கிடக்கிற களம். கலரைக் காட்டுவதற்கென்றே எடுத்த படம். கண்ணைப் பறித்தது. மாஸ்டர் ஒரு முனையிலிருந்து நடந்தார். ஒவ்வொரு செட்டின் முன்னாலும் நின்று பார்த்தார். அடுத்ததற்குப் போனார். கடைசி வரை போய்விட்டுத் திரும்பவும் முதலிலிருந்து வந்தார். நான் ஓரமாக நின்றேன். நான் சொல்லி அவர் நம்பாததை அந்தச் சுவரே சொல்லிவிடும் என்று நினைத்தேன். இத்தனை செட்டிலும் ஒரே நேரத்தில் செவப்பு குறையாது என்பது அவருக்குத் தெரியாதா?

கடைப்பையன் கேட்டான். “எது சார் பிடிச்சிருக்கு?”

“எதுலயும் சரியாத் தெரியல” என்றார். பிறகு மேலே அண்ணாந்து பார்த்தார். முகம் தெளிந்தது. “தெரியாதுப்பா, எப்படித் தெரியும்? டியூப்லைட்டுல கலரப் பாத்தா எவனுக்கும் தெரியாது. வெளிய தூக்கிட்டு வா.”

“சார்?”

“வெயில்ல வச்சுப் பாக்கணும். சாயத்த வெயில்லதான்டா பாக்கணும். தூக்கு.”

கடைப்பையன் என்னைப் பார்த்தான். நான், தூக்கப்பா என்றேன். வேறென்ன சொல்ல? சின்ன செட் ஒன்றை ஒயரோடு இழுத்துக்கொண்டு வந்து வாசல் படியில் வைத்தார்கள். மத்தியான வெயில். டிவியைத் தெரு வெயிலில் வைத்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. திரை கறுத்துக் கண்ணாடி ஆகிவிட்டது. மாஸ்டர் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கறுப்புத் திரையில் அவர் முகம் தெரிந்தது, அவருக்குப் பின்னால் நின்ற என் முகமும் தெரிந்தது. அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

ஆட்டோவில் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தார்.

“ஏப்பா, அம்புட்டு டிவியும் ஒண்ணாக் கெடுமா?”

“கெடாது மாஸ்டர்.”

“ம்” என்றார். வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் ஆசுபத்திரிக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். கலர்ப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கிற ஒரு புத்தகத்தைக் காட்டி, என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். ஒரு பக்கத்திலும் அவருக்கு எண் தெரியவில்லை. “அச்சு சரியில்லம்மா. மை கலங்கிப் போயிருக்கு, வேற புஸ்தகம் கொண்டாங்க” என்று அந்த டாக்டரம்மாவிடம் சொன்னார். அந்தம்மா சிரிக்கவில்லை. மருந்து விட்டு, விளக்கடித்து, ஒவ்வொரு அறையாக உட்கார வைத்துப் பார்த்துவிட்டு மாலையில் சொன்னார். கண்ணின் பின்னால் இருக்கிற நரம்பு காய்ந்துவிட்டது. சர்க்கரை, புகையிலை, இரண்டும் சேர்ந்திருக்கலாம். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பாது.

“கலரு தெரியலன்னதும் வந்திருக்கலாமே. எவ்வளவு நாளா இப்படி?” என்று கேட்டார்.

நான் அந்த அறையின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒயர் மாற்றி, பாக்ஸ் மாற்றிக் கழித்த நாளெல்லாம் அந்த நரம்பு காய்ந்த நாள்தானே.

பட்டறையில் வேறு மாஸ்டர் வந்தார். இவரை உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார். இவர் போகவில்லை. புகையிலையையும் விடவில்லை. இனிமே எதைக் காப்பாத்த என்று மதினியிடம் கேட்டாராம். மகள் வந்து தன் ஊருக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள், அந்தப் பொட்டல் காட்டில் நான் என்னத்தைப் பார்ப்பது என்று அனுப்பிவிட்டார். எனக்குப் போன் வருவதும் நின்றுவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் செல்லூருக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது மாத வசூலுக்குப் போனபோது. டிவிக்கு மிக அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என் குரல் கேட்டதும், “வாப்பா, வா வா, இங்கிட்டு வந்து உக்காரு” என்றார். அவர் அப்படி வரவேற்றுப் பல நாள் ஆகியிருந்தது. முகத்தில் பழைய மிடுக்கு. உட்கார்ந்தேன்.

“ஒரு சேனல்காரனாவது ஒழுங்கா அனுப்புறானே. இவன் ஒருத்தன்தான். பாத்தியா, கலரு எப்படி விழுந்திருக்கு!”

திரையைப் பார்த்தேன். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் கிணற்றடியில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் மதினி கையில் கரண்டியோடு நின்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கு மாஸ்டர்” என்றேன்.

“அந்தப் பிள்ள சேல, சுத்தமான அரக்கு. இன்னைக்கு எவனால போட முடியும் இந்த அரக்க? நான் போட்டேன், தெரியுமா? இதே அரக்கு.” முன்னால் சாய்ந்து விரலைத் திரையில் வைத்தார். “இந்தா, கரை என்ன கலரு? சொல்லு பாப்போம்.”

நானும் குனிந்து பார்த்தேன். எத்தனை பார்த்தாலும் சாம்பலாகத்தான் தெரிந்தது. எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

“பச்சை, மாஸ்டர்.”

“போடா. ஒனக்குக் கண்ணு அம்புட்டுதான். மாம்பழக் கலருடா அது” என்றார்.